பணிக்கரின் மீசை

நானே எழுதிய விபத்துக்கு நானே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனவன் நான். இதை யாரிடமாவது சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இப்போது சொல்லியாயிற்று.

அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு மலையாளத் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். தமிழில் நகைச்சுவை எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அந்த எண்ணம் உள்ளவர்கள் நான் குடியிருந்த வலியசாலையில் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவர் என் புத்தகத்துக்குப் பிழை திருத்தியவர். தமிழில் எழுதிய வேடிக்கைக்கு யாரும் சிரிக்கவில்லை. மலையாளத்தில் எழுதிய சோகத்துக்கு வீடு வீடாக அழுதார்கள். எந்த மொழியில் எனக்கு என்ன வருகிறது என்பதைக் கடவுள் சற்றுக் குழப்பிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தொடரில் குடும்பத் தலைவர் பணிக்கர். ஓய்வுபெற்ற தொழிற்சங்கத் தலைவர், கோயில் வாசலை மிதிக்காதவர், மூன்று பெண்களைப் பெற்றவர், முறுக்கிய மீசைக்காரர். ஒரு திங்கட்கிழமை எனக்குக் கதை எதுவும் ஓடவில்லை. கதை ஓடாதபோது யாரையாவது வழுக்கி விழ வைப்பது வழக்கம். பணிக்கரைக் குளியலறையில் விழ வைத்து, வலது கையை முறித்து, ஆறு வாரம் கட்டு என்று எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறந்தும்விட்டேன். எழுதியதை உடனே மறந்துவிடுவது ஒன்றுதான் அந்தத் தொழிலில் எனக்கிருந்த திறமை.

பத்து நாள் கழித்துக் காப்பிப்பொடிக் கடையில் ஒருவர் சொன்னார், பணிக்கராக நடிக்கிறவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் போகிறார் என்று. எனக்குப் பதறிவிட்டது. அவர் எங்கள் தெருக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். அரை டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஓடினேன். இடது கையால் கதவைத் திறந்தார். வலது கை மார்போடு தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படி ஆயிற்று என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். எடோ, நீதானே தள்ளிவிட்டே?"

பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

படப்பிடிப்பு இல்லாத நாளில் எதற்குக் கட்டு என்று கேட்டால், அவிழ்த்துவிட்டால் கைக்குச் சுகமாகிவிடும், சுகமான கைக்கு மறுநாள் கேமரா முன்னால் வலிக்கத் தெரியாது என்றார். ஆறு வாரமும் அந்தக் கட்டு அவரைவிட்டு இறங்கவில்லை. இடது கையால் ஸ்பூனில் மோர்சாதம் சாப்பிட்டார். அமாவாசைத் தர்ப்பணத்துக்கு மட்டும் அரைமணி நேரம் கட்டை அவிழ்த்தார். பணிக்கர் நாத்திகர், அவருக்கு அந்த அரைமணி நேரம் எப்படியும் வேலையில்லை என்பது அவர் கணக்கு. சாலையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் நாகர்கோயில் அண்ணாச்சி, பணிக்கர் சாருக்கு எலும்பு கூட வேண்டுமே என்று தினம் நாலு முருங்கைக்காய் சும்மா கொடுத்தார். வாங்கினால் பொய், வாங்காவிட்டால் கட்டு பொய். இரண்டு நாள் யோசித்து வாங்கிக்கொண்டார். ஆறாவது வாரம் கட்டு அவிழ்ந்ததும் ஒரு தார் பூவன்பழம் கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டு வந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தெருவுக்கு வெளியே அது யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆட்டோக்காரர், மருந்துக் கடைக்காரர், வங்கி மேலாளர் எல்லோருக்கும் அவர் பணிக்கர் சார்தான். ஒருமுறை காஸ் சிலிண்டர்கூடப் பணிக்கர் பெயரில் வந்தது.

தொடர்ச்சி என்பதைச் சினிமாக்காரர்கள் கன்டினியூட்டி என்பார்கள். இன்றைக்கு எடுத்த காட்சியின் மிச்சத்தை நாலு நாள் கழித்து எடுக்கும்போது, சட்டையும் வாட்சும் தலைவகிடும் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு உதவி இயக்குநர் உண்டு. இவர் அந்த உதவி இயக்குநரை நம்ப மாட்டார். யாரையுமே நம்ப மாட்டார். ஒரு சின்ன டயரி வைத்திருந்தார். அதில் ஒரு பக்கத்தை எனக்குக் காட்டியிருக்கிறார்: 'நீலச் சட்டை. மேல் பட்டன் இல்லை. கண்ணாடி பாக்கெட்டில். வேர்வை நெற்றி மட்டும். அழுகை கண் வரை, கன்னம் இல்லை. கோபம் அரை, மகள் வந்ததும் முக்கால்.' செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டேன். படத்தில் சட்டை தெரியும், கோபம் அரையா முக்காலா என்று எப்படித் தெரியும் என்றார்.

இந்த வியாதி அவருக்கு முதல் படத்திலேயே பிடித்தது. இருபத்துமூன்று வயதில், கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே லீவு போட்டு நடிக்கப் போனார். பெரிய நடிகர் ஒருவருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு வழிகாட்டுகிற வேலைக்காரன் வேஷம். ஒரு வரி வசனமும் உண்டு. முதல் நாள் விளக்கு இடது கையில் இருந்தது, மறுநாள் வலது கையில். எடிட்டிங் மேஜையில் பார்த்தபோது விளக்கு நடு வழியில் கை மாறிற்று. விளக்கை வெட்ட முடியாது, காட்சிக்கு வெளிச்சமே அதுதான். ஆகையால் விளக்குப் பிடித்தவனை வெட்டினார்கள். படம் வெளியான அன்று தெருவில் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். திரையில் ஒரு விளக்கு மட்டும் ஓரமாக நகர்ந்து போயிற்று. அவருடைய அப்பா திரும்பும் வழியில், வெளிச்சம் நன்றாக இருந்தது என்று சொன்னாராம்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம், அறுபது படத்துக்கு மேல். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற வேஷங்கள். மலையாளப் படத்தில் அவர் தமிழர். லாரி முதலாளி, வட்டிக்காரர், துண்டை உதறி மிரட்டுகிறவர். தமிழ்ப் படத்தில் அவர் மலையாளி. டீக்கடை நாயர், இல்லாவிட்டால் மாந்திரீகர். மலையாளத்துக்குப் போனால், சாரே இன்னும் கொஞ்சம் பாண்டியாக, அதாவது தமிழனாக, இருக்கட்டும் என்பார்கள். சென்னைக்குப் போனால், சார் மலையாளம் பத்தவில்லை என்பார்கள். வீட்டில் அவர் மனைவியான மன்னியோடும் தெருவில் எங்களோடும் அவர் பேசுகிற பேச்சு, வலியசாலைத் தமிழுக்குள் மலையாளம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்த அந்தப் பேச்சு, ஒரு கேமராவுக்கும் தேவைப்படவில்லை. இதைப் பற்றி வருத்தம் உண்டா என்று ஒருநாள் கேட்டேன். வீட்டுப் பேச்சையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு வந்து என்னத்தைப் பேசுவது என்றார்.

டயரிக்குள் இருந்த கன்டினியூட்டி மெல்ல வெளியே நடமாடத் தொடங்கியிருந்தது. ஒருநாள் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் நானும் அவரும் பேசிக்கொண்டு நின்றோம். மேடையில் அழுவது கஷ்டமா, சிரிப்பது கஷ்டமா என்பது போல ஏதோ விவாதம். நடுவில் விதுரா பஸ் வந்துவிட்டது. அங்கே ஒரு எஸ்டேட் பங்களாவில் அவருக்குப் படப்பிடிப்பு. வாக்கியத்தைப் பாதியில் விட்டு ஏறிப் போய்விட்டார். எட்டு நாள் கழித்துக் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அன்றைக்குப் போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டை, இடது முழங்கையில் அதே குடை, தோளில் அதே பை. ஒரு படி கீழே நின்றுகொண்டார், ஏனென்றால் பஸ் நிறுத்தத்தில் நான் நடைபாதை மேலும் அவர் சாலையிலும் நின்றிருந்தோம்.

"ஆனா, சிரிக்கறதுல ஒரு அபாயம் உண்டு, கேட்டியா" என்று ஆரம்பித்தார்.

எனக்கு விஷயமே மறந்துபோயிருந்தது. என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அண்ணா உள்ளே வாங்கோ என்றாள். இன்னும் ரெண்டு வாக்கியம்தான், முடிச்சுட்டு வரேன் என்றார். முடித்துவிட்டுத்தான் வந்தார்.

இனிமேல் மீசை விஷயத்துக்கு வருகிறேன்.

பணிக்கரின் அடர்த்தியான தலைமுடி ஓர் அட்டைப்பெட்டியில் படப்பிடிப்பு வீட்டிலேயே இருக்கும். பெட்டிமேல் ஸ்கெட்ச் பேனாவால் பணிக்கர் என்று எழுதியிருக்கும். ஆனால் மீசை அவருடைய சொந்தச் சரக்கு. மாலையில் அவரோடு வீட்டுக்கு வருகிற பணிக்கர் அந்த மீசை மட்டும்தான். ஊர் அவரை அடையாளம் கண்டுகொண்டதும் அதை வைத்துத்தான். தொடரின் தலைப்புப் பாட்டில், பெண்கள் ஊஞ்சலாட, பணிக்கர் வாசலில் நின்று மீசையை முறுக்குவார். வாரத்துக்கு ஆறு நாள் அந்த மீசை கேரளத்து வீடுகளுக்குள் போய்வந்தது.

தொடர் ஆரம்பித்த முதல் வருஷம், நாகர்கோயிலில் இருந்த அவருடைய பெண்ணுக்கு ஏழாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கையளவு பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். மன்னி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, குழந்தை நல்லபடியாக வீட்டுக்கு வந்தால் அதைப் பழனிக்குக் கொண்டுவந்து, தாத்தாவுக்கு முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டார். குழந்தை வந்தது. இரண்டு கன்னமும் உப்பி, எதைக் கொடுத்தாலும் தரையில் எறிகிற ஆரோக்கியத்தோடு வளர்ந்தது.

வேண்டுதல்தான் நிறைவேறவில்லை. எப்போது போகலாம் என்று மன்னி கேட்கும்போதெல்லாம் அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: கன்டினியூட்டி. அதற்கு மேல் விளக்க மாட்டார். மன்னி முப்பது வருஷம் கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தாவின் மனைவியாக இருந்தவர். லீவு மனு மேலே போயிருக்கிறது, இன்னும் கையெழுத்தாகவில்லை என்பது போன்ற ஒரு சமாசாரம் என்று எடுத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார்.

குழந்தைக்கு இரண்டு வயதானது, இரண்டரையானது. தாத்தாவின் வேண்டுதல் நிற்கும்போது குழந்தைக்கு மொட்டை போடக் கூடாது, காது குத்தக் கூடாது என்று மன்னி உறுதியாகச் சொல்லிவிட்டார். நாகர்கோயில் சம்பந்தி வீட்டில் முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு சிரிக்காமல் கேட்டார்கள். ஒரு கல்யாணத்தில் சம்பந்தியம்மாள், எங்கள் குழந்தையின் காது உங்கள் தொடர் முடிகிறவரை காத்திருக்க வேண்டுமா என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டாராம். குழந்தைக்குச் சளி பிடித்தாலும் மன்னி பழனி இருக்கும் திசையைப் பார்ப்பார். கிருத்திகை தோறும் பட்டினி கிடக்க ஆரம்பித்தார். பெண் போனில் அழுதாள்.

அவர் என்னிடம்தான் இதையெல்லாம் சொல்வார். நாங்கள் இருவரும் பல மாலைகள் கரமனை ஆற்றுப் பாலத்தின் ஓரமாக நடந்தபடி ஒரே பொருளை ஆராய்ந்தோம்: பணிக்கருக்கு மீசையை எப்படி எடுப்பது?

"மொட்டைன்னா முழுசாக்கும்" என்பார். "மீசையை வெச்சுண்டு முருகன் முன்னால போய் நின்னா பாதி நேர்த்திக்கடன். பாதி ஷாட்டை எடுத்துட்டு பேக்கப் சொன்ன மாதிரி."

ஒட்டு மீசை வைத்துக்கொள்ளலாமே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு வேதவாக்குப் போல இருந்தது. "விக் முதல் நாள்லேர்ந்தே விக். மீசை முதல் நாள்லேர்ந்தே மீசை. நடுவுல ஜாதி மாத்தப்படாது."

நான் என் கற்பனையைத் திறந்துவிட்டேன். பணிக்கர் பந்தயத்தில் தோற்று மீசையை எடுக்கிறார் என்றேன். பணிக்கர் பந்தயம் கட்ட மாட்டார் என்றார். மகளுக்கு உடம்பு சரியில்லை, பணிக்கர் மனம் மாறிக் கோயிலுக்குப் போகிறார் என்றேன். மூன்று வருஷமாக அந்த மனுஷன் வாசல் மிதிக்காமல் இருந்திருக்கிறார், என் வீட்டுச் சௌகரியத்துக்காக அவர் கொள்கையை விடச் சொல்வது நியாயமா என்று வருத்தப்பட்டார். மேலுதட்டில் ஒரு கட்டி, ஆபரேஷன் என்றேன். அவர் சற்று ஆசைப்பட்டார், இயக்குநர் சம்மதிக்கவில்லை. தலைப்புப் பாட்டில் மீசை முறுக்கல், கதைக்குள் மீசை இல்லை, ஜனங்கள் கேட்பார்கள், கன்டினியூட்டி போய்விடும் என்றார். கன்டினியூட்டி என்று இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் இவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு எதிராக அவருக்குப் பேசத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வீட்டுக்கு வந்தார். வழக்கமான குடை இல்லை. எந்தப் பேச்சின் மிச்சமும் இல்லை, புதிதாக ஒரு பேச்சுக்கு வந்திருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது. உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"எடோ, பணிக்கரைக் கொன்னுடு."

காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"நேத்து நாகர்கோயில்லேர்ந்து குழந்தை வீடியோல வந்தது. தாத்தா, மொட்டை எப்போன்னு கேக்கறது. மூணு வயசாயாச்சு. எல்லார்கிட்டயும் கன்டினியூட்டின்னு சொன்னேன், அதுங்கிட்டயும் சொன்னேன். அது உடனே, சரி தாத்தா, நாளைக்கான்னு கேட்டது."

உங்களுக்கு அமைந்த நல்ல வேஷம் இது ஒன்றுதானே அண்ணா என்றேன். நாற்பது வருஷம் விளக்குப் பிடித்தவருக்கு இப்போதுதான் முகத்தில் வெளிச்சம் விழுந்திருக்கிறது என்று கொஞ்சம் இலக்கியமாகவும் சொன்னேன். அவருக்கு இலக்கியம் பிடிக்காது.

"அதாக்கும் சொல்றேன். நல்ல மனுஷன். நல்லபடியா அனுப்பிடு. நோய் நொடி எல்லாம் வேண்டாம், மன்னி பாத்துண்டிருப்பா." பிறகு, "ஒண்ணே ஒண்ணு. அந்த டீயை அவர் குடிச்சுட்டுப் போகட்டும்" என்றார்.

எந்த டீ என்று எனக்குத் தெரியவில்லை. டயரியை எடுத்துப் புரட்டினார். தொடர் தொடங்கிய இரண்டாம் மாதம், மூத்த மகள் கொண்டுவந்து கொடுத்த டீயைப் பணிக்கர் உதட்டருகே கொண்டுபோகும்போது கரண்ட் போய்விட்டது. மறுநாள் மிச்சத்தை எடுக்க வேண்டும். ஆனால் நான் அதற்குள் அந்தக் காட்சியை மறந்துவிட்டு, பணிக்கரை நேராகக் கோர்ட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். 'வரி போட்ட கண்ணாடி கிளாஸ். வலது கை. முக்கால் கிளாஸ். குடிக்கவில்லை' என்று டயரி சொன்னது. மூன்று வருஷத்துக்கு மேலாக அந்தக் கிளாஸ் அவர் மனத்தில் உதட்டுக்கு நாலு அங்குலத்தில் நின்றுகொண்டிருந்தது.

இயக்குநரைச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடாக இருந்தது. தன் அம்மா பணிக்கரின் ரசிகை, பணிக்கர் செத்தால் தன்னை வீட்டுக்குள் ஏற்ற மாட்டாள் என்று அவர் மன்றாடினார். கடைசியில், பணிக்கரின் சாவுக்கு ஒரு வாரம் முழுக்க எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று சேனல்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது.

நான் எழுதியதில் எனக்கே பிடித்த காட்சி அது ஒன்றுதான். அதில் வசனமே இல்லை என்பது காரணமாக இருக்கலாம். மூத்த மகள் டீ கொண்டுவருகிறாள். பணிக்கர் வாங்கிக்கொள்கிறார். அதே மாதிரி வரி போட்ட கிளாஸுக்காகக் கலை இயக்குநரின் ஆட்கள் சாலைக் கடைத்தெரு முழுக்க அலைந்திருந்தார்கள். முக்கால் கிளாஸ்தான் ஊற்றியிருக்கிறது என்பதை இவர் குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டார். பிறகு குடித்தார். அவசரமில்லாமல், நெடுநாள் வேலை ஒன்றை முடிக்கிறவர் போல, கடைசிச் சொட்டு வரை குடித்து, கிளாஸைக் கீழே வைத்து, மீசையை ஒரு விரலால் துடைத்துவிட்டுக் கண்ணை மூடினார். முதல் டேக்கிலேயே ஓகே. இயக்குநர் கட் சொல்ல மறந்து நின்றார். நான் போய் ஜன்னலுக்கு வெளியே தென்னைமரத்தைப் பார்த்தேன். தென்னைமரத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் சவமாகப் படுத்திருந்தார். தலைமாட்டில் நிலவிளக்கு, நெஞ்சில் கோடித்துணி, சுற்றிலும் பூ. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. உதவி இயக்குநர் பெண் வந்து, "சாரே, எழுந்நேற்கு, ஊணு கழிக்காம்" என்று சாப்பிட வரச்சொல்லி இரண்டு தடவை கெஞ்சினாள். துணி மடிப்புக் கலைந்துவிடும் என்று உதட்டை அசைக்காமல் பதில் சொன்னார். கடைசிவரை எழவில்லை. மாலையில் என்னிடம், நாற்பது வருஷத்தில் இவ்வளவு சுலபமான கன்டினியூட்டி கிடைத்ததில்லை, ஒரு உணர்ச்சியும் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை என்று சந்தோஷப்பட்டார்.

ஒளிபரப்பான வாரம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் தலைக்குக் குளித்தார்கள். அவர் உயிரோடு எதிர்வீட்டில் இருக்கிறார் என்பது தெரிந்தவர்கள்தான்.

அவர்கள் குடும்பமாகப் பழனிக்குப் போனார்கள். தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே நாளில் மொட்டை. அங்கேயே குழந்தைக்குக் காதும் குத்தினார்கள். சம்பந்தியம்மாள் தானாகவே மன்னியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். கிருத்திகைப் பட்டினி அன்றோடு முடிந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் அவர் தனியாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாகர்கோயில் அண்ணாச்சியின் கடையில் முருங்கைக்காய் பொறுக்கினார். அண்ணாச்சி முழு விலை சொன்னார். சொல்லிவிட்டு, பெரியவர் வெளியூரா என்று விசாரித்திருக்கிறார்.

"நம்ம பணிக்கர் சாரு போயிட்டாருல்லா, பாத்தியளா? டீயைக் குடிச்சாரு, கிளாஸை வச்சாரு, அவ்வளவுதான், ஆளு போச்சு. நல்ல மனுஷன். கை ஒடிஞ்சப்ப நம்ம காயைத் தின்னுதான் எலும்பு கூடுச்சு."

அவர் என்னிடம் இதைச் சொல்லும்போது, அண்ணாச்சியின் குரல், தராசைத் தூக்கிய கை, நடுவில் விட்ட மூச்சு எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டினார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். நான் என்னத்தைச் சொல்வது, துக்கம் கேட்டுவிட்டு வந்தேன் என்றார். அதுபோல நிறைவான முகத்தோடு அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

தொடரில் பணிக்கரின் படத்தை மாலை போட்டுச் சுவரில் மாட்டினார்கள். சில நாள் அவர் எனக்குப் போன் செய்வார்: பூமாலை நேற்று சட்டையின் மூன்றாவது பட்டன் வரை இருந்தது, இன்றைக்கு இரண்டாவது பட்டனோடு நிற்கிறது, சொல்லிவை. சொல்லிவைத்தேன்.

முருகன் அவரைக் கைவிடவில்லை. பழனியிலிருந்து வந்த மூன்றாவது வாரம், யாரையோ பார்க்கப் போன இடத்தில் ஒரு சினிமா இயக்குநர் அந்த வழித்த தலையையும் மழித்த உதட்டையும் பார்த்திருக்கிறார். ஓய்வுபெற்ற ஜெயில் சூப்பிரண்டு வேஷம். படம் முழுக்க வருகிற வேஷம். திருவனந்தபுரத்துத் தமிழராகவே நடியுங்கள், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரே நிபந்தனை, தலையும் உதடும் எட்டு மாதத்துக்கு இப்படியே இருக்க வேண்டும்.

விஷயம் கேள்விப்பட்டு ஒரு மாலையில் அரை டஜன் ஆரஞ்சோடு அவர் வீட்டுக்குப் போனேன். எந்த விபத்துக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துத் தலையை வழித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை வழிக்கிறாராம். பக்கத்தில் டயரி திறந்து கிடந்தது. மன்னி காப்பி கொண்டுவந்து எனக்கு ஒன்றும் அவருக்கு ஒன்றும் வைத்தார். எல்லாம் உங்கள் வேண்டுதலின் பலன் மன்னி என்றேன். ஒரு நல்ல மனிதரைக் கொன்றவனுக்கும் அதில் கொஞ்சம் பங்கு வரட்டுமே என்ற ஆசையில்தான் சொன்னேன்.

மன்னி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் நன்னாத்தான் முடிஞ்சுது. ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் மனசிலாகலை. இவர் மீசையை எதுக்கு எடுத்தார்? நான் தலைமுடிக்கு மட்டுமாக்கும் வேண்டிண்டேன். பழனியில பாத்துட்டு, சரி, பக்தி முத்திடுத்துன்னு விட்டுட்டேன்."

அண்ணாவின் வலது கையில் காப்பி டம்ளர், உதட்டுக்கு நாலு அங்குலத்தில் நின்றது. நான் ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். உரிப்பது அப்போது மிகவும் அவசியமான வேலையாகத் தோன்றியது.

மன்னி காலி டபராவை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்: "தலையில எப்படியும் விக்குதானே வெச்சுண்டு நடிச்சார். காதோரம் இருந்த நாலு முடியை எடுத்துண்டு வர மூணு நாள் லீவு குடுக்கலையே அந்தப் பாவிகள், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்கறது."